ரிவர்ஸ் எடுக்காத மைரன்

மைரன் வீட்டுவண்டிகள் நிறுத்தும் ஒரு முகாமுக்குள் நுழைந்து "தண்ணி வேகமா வரலை" என்று சொன்னால், அங்கே வண்டியை ரிவர்ஸ் எடுத்து நிறுத்த வேண்டியிருக்கிறது என்று அர்த்தம். "மரமெல்லாம் ரொம்ப நெருக்கமா இருக்கு" என்றாலும் அதே அர்த்தம்தான். "ஈரம் ஜாஸ்தி, முட்டி வலிக்கும்" என்றாலும் அதேதான். நாற்பத்தோரு வருடம் கூட வாழ்ந்தவளுக்கு இந்த மொழிபெயர்ப்புகூடவா வராது?

நாங்கள் கனடாவின் சஸ்காட்செவன் சமவெளியில் யார்க்டன் ஊர்க்காரர்கள். அங்கே நவம்பர் பிறந்துவிட்டால் வெளியே போய்விட்டு வருவதற்குள் இமை மயிர் உறைந்து ஒட்டிக்கொள்ளும். அதனால் ஓய்வு பெற்றதிலிருந்து ஒவ்வொரு அக்டோபர் கடைசியிலும் படுக்கையும் அடுப்பும் வைத்த எங்கள் வீட்டுவண்டியை பிக்கப் டிரக்கின் பின்னால் மாட்டிக்கொண்டு, மலைகளைத் தாண்டி, கப்பலேறி, வான்கூவர் தீவின் கிழக்குக் கரைக்கு வந்துவிடுவோம். அங்கே பனி எப்போதாவது வந்தாலும் தப்பான வீட்டுக் கதவைத் தட்டியவர் மாதிரி உடனே திரும்பிப் போய்விடும். பிப்ரவரியிலேயே பூப் பூக்கும். அதைப் படமெடுத்து, ஊரில் வாசலில் பனி அள்ளிக்கொண்டிருக்கும் என் தங்கைக்கு அனுப்புவதில் எனக்குக் கிடைக்கிற சந்தோஷம் கொஞ்சம் மட்டமானதுதான். இருந்தாலும் அனுப்புவேன்.

ஆனால் ஒரு விஷயத்தை அவளுக்கு நான் எழுதியதே இல்லை. ஏழு குளிர்காலம் கடலோரத்துக்கு வந்தும், ஒரு நாள்கூட என் ஜன்னலிலிருந்து நான் கடலைப் பார்த்ததில்லை. நாங்கள் தங்கியது பார்க்ஸ்வில் ஊரில் ஒரு டயர் கடைக்குப் பின்னால் இருந்த சரளைக்கல் முகாம். அங்கே ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறலாம், ரிவர்ஸே வேண்டாம். என் ஜன்னலுக்கு நேரே தெரிந்தது பழைய டயர் குவியல். ஏழு குளிர்காலமும் அந்த டயர்களைப் பார்த்துக்கொண்டே காபி குடித்தேன்.

இந்த வருடம் அந்த இடத்தை அடுக்குமாடி கட்டுகிறவர்கள் வாங்கிவிட்டார்கள். கடிதம் வந்த அன்று மைரன் சாவு வீட்டில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தான். நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு ஆட்டம் ஆடிவிட்டு வந்தேன்.

அந்தக் குழாய்க் கதையைச் சொல்லாமல் இது யாருக்கும் புரியாது.

முதல் குளிர்காலம், ஏழு வருடம் முன்பு. கடலை ஒட்டிய ஒரு நல்ல முகாம். மைரன் ஓட்டுகிறான், நான் பின்னால் நின்று கையசைக்கிறேன். எங்கள் கூட்டத்தில் அதுதான் வழக்கம்: ஆம்பளை ஸ்டியரிங்கில், பொம்பளை பின்னால். புது வண்டி வந்தால் மொத்த முகாமும் மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்துவிடும். சினிமா தோற்றுப்போகும். எத்தனையோ தம்பதிகள் அந்தப் பத்து நிமிடத்தில் விவாகரத்து வரைக்கும் போய் வந்திருக்கிறார்கள்.

மைரன் நன்றாகத்தான் பின்னுக்கு வந்துகொண்டிருந்தான். காலடியில் ஒரு சிப்பி கிடந்தது. உள்பக்கம் ஊதா நிறம், உள்ளங்கை அளவு. சமவெளியில் பிறந்தவளுக்குச் சிப்பி எங்கே கிடைக்கும்? குனிந்து எடுத்தேன். எடுத்து மண்ணைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மைரன் பிரேக் போட்டு நின்றான்; அப்புறம் என்ன நினைத்தானோ, ஸ்டியரிங்கை ஒடித்து முன்னுக்கு ஒரே பாய்ச்சல் பாய்ந்தான். வண்டியின் வால் எதிர்ப்பக்கம் வீசி, தண்ணீர்க் குழாயை அடியோடு பெயர்த்துவிட்டது. தண்ணீர் பத்தடி உயரம் எழும்பியது. எதிரே உட்கார்ந்திருந்த ஒரு கிழவர் நாற்காலியோடு நனைந்தார், அவர் மடியிலிருந்த பூனை மரத்தில் ஏறிவிட்டது. கூட்டம் கைதட்டியது. நான் சிரித்த சிரிப்பில் எனக்கு வயிறு பிடித்துக்கொண்டது. மைரன் வண்டியிலிருந்து இறங்கினான், சுண்ணாம்பு அடித்த மாதிரி முகம். இருட்டுவதற்குள் அந்த முகாமைக் காலி செய்துவிட்டு டயர் கடைக்குப் பின்னால் போனோம். அன்றோடு சரி, மைரன் ரிவர்ஸ் எடுப்பதை விட்டான்.

இதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் என்று கணக்கில்லை. முகாம்களில் சாயங்காலம் ஐந்து மணிக்கு எல்லோரும் அவரவர் நாற்காலி, அவரவர் கோப்பையோடு வட்டமாக உட்கார்வது உண்டு. அந்த வட்டத்தில் என் பங்கு குழாய்க் கதை. கிழவரின் குரலையும் செய்து காட்டுவேன், பூனையையும் செய்து காட்டுவேன். மைரனும் கூடவே சிரிப்பான்.

நானே ஓட்டியிருக்கலாம். இருபத்தாறு வருடம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவள் நான். அதற்கும் முன்னால், பன்னிரண்டு வயதிலேயே அப்பாவின் டிராக்டரில் தானிய வண்டியைப் பின்னுக்கு எடுத்தவள். ஆனால் கேட்கவில்லை. பெண்டாட்டியை ஓட்டவிட்டு நாலு பேர் எதிரில் பின்னால் நின்று கையசைப்பது ஒரு ஆணுக்கு என்ன மாதிரி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவன் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று ஏழு வருடம் டயரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்னை நானே ஒரு தியாகி என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

இந்த வருடம் கப்பலிலிருந்து இறங்கியதும் சொல்லிவிட்டேன்.

"மைரன், நாலு எடம் குறிச்சு வெச்சிருக்கேன். இன்னிக்கு நாலையும் பாத்துடணும். ராத்திரி படுக்கிறப்ப நம்ம எடத்துல படுக்கணும்."

"நாலு எதுக்கு? மொத எடமே நல்லா இருந்தா?"

"மொத எடத்துல நேரா நுழைஞ்சு நேரா வெளிய போக முடியாது."

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று மைரன் கேட்டுவிட்டு, கண்ணாடியைச் சரிசெய்வது போல முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

முதல் முகாம் தேவதாரு காட்டுக்குள் இருந்தது. பாசி படிந்த மரங்கள், நடுவே ஓடை, பறவைச் சத்தம். வண்டியைச் சாலையோரம் விட்டுவிட்டு நடந்து போய்ப் பார்த்தோம். மைரன் தன் குறிப்பேட்டை எடுத்தான். அதில் மின்சாரம், தண்ணீர், துணி துவைக்கும் அறை, டோனட் கடை எவ்வளவு தூரம் என்று கட்டம் போட்டு வைத்திருப்பான்.

"இந்த மரம் எத்தனை அடி இருக்கும்?" என்று அண்ணாந்து பார்த்தான்.

"நூறு, நூத்தம்பது."

"விழுந்தா?"

"நானூறு வருஷமா விழாம நிக்குது மைரன். நீ வந்து படுத்ததும் விழணும்னு அதுக்கு என்ன வேண்டுதலா?"

"காத்துன்னு ஒண்ணு இருக்கே" என்று சொல்லிக் குறிப்பேட்டில் எதையோ எழுதினான். எட்டிப் பார்த்தேன். 'மரம்' என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தான்.

இரண்டாவது முகாமுக்குள் நுழைந்ததும் அவன் முகத்தில் ஒரு வெளிச்சம். ஊர் நடுவே, கல்லைச் சறுக்கிவிட்டு கர்லிங் ஆடும் பனித்தளத்துக்குப் பின்னால், தார் போட்ட பெரிய மைதானம். எல்லா இடமும் நேராக நுழைந்து நேராக வெளியேறுவது. எதிரே டோனட் கடை.

"அடடா, எடம்னா இதுதான் எடம்" என்றான் மைரன். "எவ்வளவு வெளிச்சம் பாரு."

"கடல் எங்க?"

"இருக்கே. அந்தக் கட்டடத்துக்குப் பின்னாடி ரயில் பாதை. அதுக்குப் பின்னாடி பெரிய ரோடு. அதுக்கு அந்தாண்ட கடல்தான்."

"ஜன்னலைத் திறந்தா என்ன தெரியும்?"

மைரன் ஜன்னல் வரும் திசையில் நேர்மையாக நின்று பார்த்தான். "குப்பைத் தொட்டி" என்றான். பிறகு, "ஆனா மூடி போட்டது" என்றான்.

சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வான் என்பதால் உதட்டைக் கடித்துக்கொண்டு பிக்கப்பில் ஏறினேன்.

மூன்றாவது முகாமில் எங்களுக்கு வேலையே வைக்கவில்லை. மேட்டின் மேல் இருந்தது, வாசலில் பூந்தொட்டி, உள்ளே எல்லாம் பளபளக்கும் புது வண்டிகள். மேலாளர் அம்மாள் இரண்டு பக்க விதிகளை நீட்டினார். துணி காயப்போடக் கூடாது, பாய் உதறக் கூடாது, வயது ஐம்பத்தைந்துக்கு மேல் இருக்க வேண்டும், வண்டியின் வயது பத்துக்குக் கீழ் இருக்க வேண்டும்.

"எங்க ரெண்டு பேருக்கும் வயசு சரியா இருக்கு" என்றேன்.

அவர் ஜன்னல் வழியாக எங்கள் வண்டியைப் பார்த்தார். அது தொண்ணூற்றெட்டாம் வருடத்து வண்டி. பக்கவாட்டில் பழுப்பு நிறக் கோடு, கூரையில் மைரன் ஒட்டிய ஒட்டு, பின்னால் சூரியகாந்திப் படம்.

"மன்னிக்கணும். இங்க பழசை எடுக்கிறதில்லை" என்றார்.

மைரன் விறுவிறுவென்று வெளியே வந்தான். பிக்கப்பில் ஏறிக் கதவை அறைந்தான். "மனுசன் பழசானா வா வாங்கிறாங்க, வண்டி பழசானா போ போங்கிறாங்க. அந்த வண்டிக்கு என்ன கொறை? அடுப்பு எரியுது, கூரை ஒழுகலை. அந்தம்மாவோட புது வண்டில எல்லாம் அட்டையில அலமாரி, தெரியுமா உனக்கு?"

"தெரியும் தெரியும். ஓட்டு."

அவன் கோபம் எனக்குப் பிடித்திருந்தது. எங்கள் வண்டியை வேறு யாராவது குறை சொன்னால் எனக்கும் பொறுக்காது.

நாலாவது முகாமுக்குப் போகும்போது மணி இரண்டரை. பெயர் கொக்கு முனை. மண் சாலை ஒன்று வளைந்து வளைந்து இறங்கி, கடைசி வளைவில் சட்டென்று கடல் முன்னால் விரிந்தது. அமைதியான சாம்பல் நிறத் தண்ணீர். எதிர்க்கரை மலைகளில் பனி. பனி இருக்க வேண்டிய இடம் அதுதான், தண்ணீருக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் அக்டோபர் கடைசியிலும் ஒரு ஆள் அரைக்கால் சட்டையில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

முகாமை நடத்துகிறவர் பெரில் என்ற அம்மாள். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கையில் சுத்தியல்.

"குளிர்காலம் பூரா இருக்கிற மாதிரி ஒண்ணே ஒண்ணுதான் மிச்சம். ஒம்பதாம் நம்பர்" என்றார். "ஆல்பர்ட்டாவுலேருந்து ஒரு ஜோடி நாலு மணிக்குப் பார்க்க வராங்க. அதுக்குள்ள நீங்க வண்டியை நிறுத்திட்டா உங்களுக்கு. இல்லேன்னா அவங்களுக்கு. போன்ல பிடிச்சு வைக்கிற பழக்கம் இங்க கிடையாது."

"வண்டி பழசு" என்றான் மைரன், அவசரமாக.

"என் பல்லும் பழசுதான்" என்றார் பெரில்.

ஒன்பதாம் எண் இடத்தில் போய் நின்றேன். இரண்டு பக்கமும் சிவப்புப் பட்டை உரியும் மரங்கள், நடுவே புல், புல்லுக்கு அப்பால் கூழாங்கல் கரை, கரைக்கு அப்பால் கடல். வண்டியின் வால் கடல் பக்கம் இருக்கும்படிதான் நிறுத்த வேண்டும். எங்கள் வண்டியில் வால் பக்கம்தான் சாப்பாட்டு மேஜை, பெரிய ஜன்னல். அந்த மேஜையில் என் காபிக் கோப்பையை வைத்துப் பார்த்தேன், மனத்துக்குள்தான். எனக்கு அறுபத்தெட்டு வயது. இன்னும் எத்தனை குளிர்காலம் இந்த மலைகளைத் தாண்டி ஓட்டிக்கொண்டு வருவோம்? நாலு? ஐந்து? எனக்கு இந்த இடம் வேண்டும்.

மைரன் பக்கத்தில் வந்து நின்றான். குறிப்பேடு திறந்திருந்தது.

"உப்புக் காத்து" என்றான். "அச்சு துருப்பிடிக்கும்."

நான் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மார்ச்சில கடல் சிங்கம் வருமாம். ராத்திரி பூரா குலைக்குமாம்."

"சரி."

"அங்க பலகை பாத்தியா? பெரிய அலை வந்தா மேட்டுக்கு ஓடணும்னு அம்புக்குறி போட்டிருக்கு. என் முட்டியை வெச்சுக்கிட்டு நான் எங்க ஓடுறது?"

அவ்வளவுதான், எனக்கு வந்த கோபத்தில் அந்தக் குறிப்பேட்டைப் பிடுங்கிக் கடலில் எறிந்திருப்பேன். பெரில் பார்த்துக்கொண்டிருந்ததால் அவனை பிக்கப் பக்கம் இழுத்துக்கொண்டு போனேன்.

"போதும் மைரன். ஏழு வருஷம். ஏழு வருஷமா மரம், துரு, முட்டி, தண்ணின்னு கதை கேட்டாச்சு. உனக்கு ரிவர்ஸ் எடுக்கப் பயம். அதை மட்டும் சொல்ல மாட்டே. ஒரு குழாயை உடைச்சே, நாலு பேர் சிரிச்சாங்க, அதுக்காக நான் ஆயுசு பூரா டயரைப் பாத்துக்கிட்டு உக்காரணுமா?"

அவன் எகிறுவான் என்று நினைத்தேன். தரையைப் பார்த்தான்.

"ஆமா. பயம்தான்" என்றான்.

இப்படி உடனே ஒப்புக்கொண்டால் சண்டையை எப்படி மேலே கொண்டுபோவது? கையை நீட்டினேன்.

"சாவியைக் குடு. நான் எடுக்கிறேன்."

இதைக் கேட்கத்தான் ஏழு வருடம் தயங்கினேன். அவன் ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை. சாவியை என் கையில் வைத்தான். முகத்தில் மானம் போன அறிகுறி ஒன்றும் இல்லை. சுமை இறக்கிவைத்த ஆள் மாதிரி இருந்தான்.

"நீ எடு. பின்னாடி நான் நிக்கிறேன்" என்றான். "இப்படியே செஞ்சா எனக்கு ஒண்ணுமில்ல."

"இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமே!"

"நீ கேக்கலையே."

நான் ஸ்டியரிங்கில் ஏறி உட்கார்ந்ததைப் பார்த்ததும் முகாமுக்கு உயிர் வந்துவிட்டது. பொம்பளை ஓட்டுகிறாள், ஆம்பளை பின்னால் நிற்கிறான்! நாற்காலிகள் நகர்ந்தன. அரைக்கால் சட்டைக்காரர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு என் ஜன்னல் பக்கம் வந்தார். பெயர் வென்டல், இங்கே வந்து ஒன்பது வருடம் ஆகிறது, யார் எப்படி நிறுத்த வேண்டும் என்று அவருக்குத் தெரியும், இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னார்.

"அம்மா, ஸ்டியரிங்கை எடது பக்கம் திருப்பினா வால் வலது பக்கம் போகும், ஞாபகம் வெச்சுக்கங்க!"

"ஐயா, எனக்கு இருபத்தாறு வருஷம் அறுபது புள்ளைங்க பின்னாடி உக்காந்து சொல்லிக் குடுத்தாச்சு. நீங்க உங்க காலை மட்டும் ஓரமா வெச்சுக்கங்க."

கூட்டம் சிரித்தது. எனக்கும் உற்சாகம் ஏறிவிட்டது. இரண்டு ஜன்னலையும் இறக்கினேன். பேருந்தில் பிள்ளைகளுக்கு நான் தினமும் சொன்ன சட்டங்கள் இரண்டு. வண்டிப் பக்கத்தில் எது கீழே விழுந்தாலும் குனிந்து எடுக்கக் கூடாது. கண்ணாடியில் என்னைப் பார்க்க முடியவில்லை என்றால் என்னாலும் உன்னைப் பார்க்க முடியாது. செப்டம்பர் முழுக்க இதைக் கோரஸாகச் சொல்ல வைப்பேன். புத்தகம் விழுந்தால், தொப்பி விழுந்தால், அம்மா கட்டிக்கொடுத்த சாப்பாடு விழுந்தால்? விழுந்தது விழுந்ததுதான், டீச்சர்! நான் டீச்சர் இல்லை, ஓட்டுநர் என்று சொன்னாலும் கேட்க மாட்டார்கள்.

மெதுவாகப் பின்னுக்கு விட்டேன். இடது கண்ணாடியில் மைரன், அவனுடைய ஆரஞ்சு நிறத் தொப்பி, அவனுடைய தொப்பை, மேலும் கீழும் ஆடும் கை. வண்டியின் வால் சமர்த்தாக மரங்களுக்கு நடுவே நுழைந்தது. கை கொஞ்சம் இடது என்றது, கொடுத்தேன். வா வா என்றது, வந்தேன். வென்டல் ஏதோ கத்தினார், காதில் வாங்கவில்லை. வலது கண்ணாடியில் மரத்தை ஒருமுறை பார்த்துவிட்டு இடது கண்ணாடிக்குத் திரும்பினேன்.

மைரன் இல்லை.

கால் தானாக பிரேக்கை அழுத்தியது. கண்ணாடியில் புல், மரம், வண்டியின் பழுப்புக் கோடு. ஆரஞ்சுத் தொப்பி இல்லை. வலது கண்ணாடியைப் பார்த்தேன், அங்கும் இல்லை. வண்டி நின்றுவிட்டதா, இன்னும் நகர்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. மூன்று டன் எடை எனக்குப் பின்னால் இருக்கிறது, அதற்கும் பின்னால் அவன் முட்டி மடங்கி விழுந்து கிடக்கிறான் என்று எண்ணிவிட்டேன்.

"மைரன்!"

என் குரல் எனக்கே யாருடையதோ மாதிரி கேட்டது. வெளியே யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"மைரன்!"

தொப்பி மெல்ல மேலே வந்தது. கையில் ஒரு மரக்கட்டை, கடல் ஒதுக்கிய துண்டு. அதில் ஆணி நீட்டிக்கொண்டிருந்தது. அதைத் தூக்கிக் காட்டினான். பிறகு என் முகத்தைக் கண்ணாடியில் பார்த்திருக்க வேண்டும், கட்டையைப் போட்டுவிட்டு ஜன்னலுக்கு ஓடிவந்தான். முட்டி வலிக்கிற ஆள் ஓடினான்.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. டயர்ல ஏறிடுமேன்னு எடுத்தேன். மன்னிச்சுக்கோ டோரீன். நான் போய் இதைச் செஞ்சிருக்கக் கூடாது, எனக்குத் தெரிஞ்சும்..."

"ஏன் குனிஞ்சே? கண்ணாடியை விட்டு ஏன் போனே? அறிவிருக்கா உனக்கு?" "செத்துட்டேன்னு நெனச்சேன் மைரன்!"

அவன் ஜன்னல் விளிம்பில் கை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தான்.

"எவ்வளவு நேரம் காணோம்?"

"தெரியல. ஒரு மூணு எண்ணற நேரம்."

"எனக்கு அன்னிக்குப் பதினொண்ணு" என்றான்.

முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. அந்தச் சிப்பியை எடுத்துத் தட்டித் திருப்பிப் பார்த்த நேரம் எவ்வளவு என்று நான் ஒரு நாளும் யோசித்ததே இல்லை.

"கத்தினேன், உனக்குக் கேக்கலை. மோட்டார் சத்தம்" என்றான் மைரன், மெதுவாக, மற்றவர்களுக்குக் கேட்காதபடி. "எண்ணிக்கிட்டே உக்காந்திருந்தேன். எறங்கிப் பாக்கத் தைரியம் இல்லை. பதினொண்ணு ஆனதும், நீ சக்கரத்துக்கு அடியில இருந்தா வண்டி உன் மேலேருந்து போயிடணும்னு முன்னாடி எடுத்தேன். அப்பத்தான் குழாய் போச்சு. நீ கையில ஏதோ வெச்சுக்கிட்டுச் சிரிச்சுக்கிட்டு நின்னே."

"ஏன் சொல்லலை?"

"சொல்ல வாய் வரலை. நீதான் அன்னிக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்தியே. அப்புறம் நீ எல்லாருக்கும் கதை சொல்ல ஆரமிச்சிட்டே, நல்லாவும் சொன்னே. சரி, சிரிச்சிட்டுப் போகட்டும்னு விட்டேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. இருபத்தாறு வருடம் பிள்ளைகளுக்குச் சொன்ன ஒரே பாடத்தை, ஊதாச் சிப்பி ஒன்றைப் பார்த்ததும் மறந்தவள் நான். அதற்கப்புறம் ஏழு குளிர்காலம் ஊரைக் கூட்டி அவனைக் கேலி செய்தவளும் நான். பூனை மரத்தில் ஏறியதை நடித்துக் காட்டும்போதெல்லாம் அவன் அந்தப் பதினொன்றைத்தான் எண்ணிக்கொண்டிருந்தானா? அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னம்மா, வண்டி நின்னு போச்சா?" என்று வென்டல் குரல் கொடுத்தார்.

"வண்டி நல்லாத்தான் இருக்கு" என்றான் மைரன். என்னிடம், "மணி மூணேகால். ஆல்பர்ட்டாக்காரங்க வந்துடுவாங்க. முடிப்போமா?" என்றான்.

"கண்ணாடியை விட்டு ஒரு அடி நகர்ந்தே..."

"நகர மாட்டேன். காலுக்கடியில தங்கமே கெடந்தாலும் குனிய மாட்டேன்."

மீதி பன்னிரண்டடியைப் பின்னுக்கு எடுக்க எனக்கு ஆறு நிமிடம் பிடித்தது. கூட்டம் பொறுமை இழந்தது. நான் ஆரஞ்சுத் தொப்பியைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. மைரன் கையை உயர்த்தி, விரலை மடக்கி, போதும் என்றான். பெரில் சுத்தியலோடு வந்து கம்பத்தில் எங்கள் பெயர்ப் பலகையை அடித்துவிட்டுப் போனார்.

ஐந்து மணிக்கு வட்டத்துக்கு அழைப்பு வந்தது. ஊரிலிருந்து உறையவைத்துக் கொண்டுவந்த பெரோகி என்கிற உருளைக்கிழங்குக் கொழுக்கட்டையை வேகவைத்து, வெங்காயம் தாளித்து, ஒரு பெரிய தட்டு நிறைய எடுத்துக்கொண்டு போனோம். வென்டல் மட்டும் ஏழு சாப்பிட்டார். சூரியன் மேற்கே இறங்க, எதிர்க்கரைப் பனி இளஞ்சிவப்பானது. சட்டைக்கு மேல் ஒரு கம்பளி போதுமானதாக இருந்தது.

"நாலு மணிக்கு ஒரு பெரிய வண்டி வந்து திரும்பிப் போச்சு பாத்தீங்களா?" என்றார் வென்டல். "சரி, நான் கேட்டா தப்பா நெனைக்காதீங்க. எல்லா எடத்துலயும் ஆம்பளைங்கதானே ரிவர்ஸ் எடுப்பாங்க? உங்க வீட்ல ஏன் இப்படி? இவருக்கு வராதா?"

வட்டம் முழுக்க மைரனைப் பார்த்தது. அவன் பெரோகியைப் பாதி கடித்தபடி என்னைப் பார்த்தான். குழாய்க் கதை வரப்போகிறது என்று சிரிப்பதற்குத் தயாராக முகத்தை வைத்துக்கொண்டான், பாவி.

"வரும். நல்லாவே வரும்" என்றேன். "ஏழு வருஷம் முன்னாடி ஒரு முகாம்ல தண்ணிக் குழாய் ஒண்ணை உடைச்சிட்டோம். அன்னியோட அவர் நிறுத்திட்டார்."

"அவர் உடைச்சாரா?"

"நான்தான் உடைச்சேன். வண்டிக்குப் பின்னாடி நிக்கிறப்ப ஒரு சிப்பியைப் பாத்தேன். குனிஞ்சிட்டேன். ஸ்கூல் பஸ் ஓட்டினவ நான், புத்தி வேணாம்? அவர் கண்ணாடியில என்னைக் காணாம, என்னைக் காப்பாத்தறதுக்குன்னு முன்னாடி எடுத்தார். குழாய் போனாப் போகுதுன்னு."

யாரும் சிரிக்கவில்லை. பெரில் தன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். மைரன் வாயிலிருந்ததை மென்று விழுங்கினான், குனிந்து தட்டைப் பார்த்தான், கண்ணைத் துடைத்துக்கொண்டான். அப்புறம் நிமிர்ந்து என் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"பூனையை விட்டுட்டியே டோரீன்" என்றான். "பூனையைச் சொல்லு."